கலங்கரையும் கரையும்: மூன்று வெளிச்சவீடுகளைத் தேடிச் சென்ற ஒரு நாள்

உயர்தர வகுப்பில் ஒரு நாள் ‘கலங்கரை விளக்கம்’ என்ற தொடரைப் பிரித்துப் பொருள் எழுதும்படி தமிழ் டீச்சர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. கரும்பலகையில் ‘கலம் + கரை + விளக்கம்’ என்று எழுதி, “கலங்கள் கரைக்கு வருவதற்கு உதவும் விளக்கு” என்று பொருளும் சொன்னேன். டீச்சர் சிரித்தார்.

“பிரித்தது சரி மகள். பொருள்தான் பிழை. அது கடற்கரையில் வரும் கரை இல்லை.”

கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோம். தன் இனத்தைக் கரைந்து அழைத்து உண்ணும் காகத்தைத் திருக்குறள் நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறது. அப்படியானால் கலங்கரை விளக்கம் என்பது கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கம். கடலில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத இருட்டில், நெருப்பால் கூப்பிடுவது.

கல்முனையில் பிறந்து வளர்ந்தவள் நான். கடல் இரைச்சல் கேட்காமல் தூங்கிய இரவுகள் குறைவு. ஆனாலும் அன்றுவரை ஒரு வெளிச்சவீட்டைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் பேச்சில் ‘வெளிச்சவீடு’ என்றுதான் சொல்வோம். புத்தகத்தில் ‘கலங்கரை விளக்கம்’. ஒரே பொருளுக்கு இரண்டு சொல். மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு என்பது பிறகு தெரிய வந்தது.

அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகத்தான் எங்கள் கள ஆய்வுப் பயணம் அமைந்தது. புவியியல் டீச்சரும் தமிழ் டீச்சரும் சேர்ந்து திட்டமிட்டார்கள். ஒரு பஸ், ஒரு நாள், மூன்று வெளிச்சவீடுகள்: வடக்கே மட்டக்களப்பில் பழையது, நமது ஒலுவிலில் புதியது, தெற்கே சங்கமன்கண்டியில் அழிந்துபோனது. அந்த நாளில் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1. பாலமீன்மடு: உயரம் எதற்கு?

ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி என்று வாவியையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போகும் பாதை அது. கல்லடிப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு நகரிலிருந்து முகத்துவாரம் நோக்கித் திரும்பினால் பாலமீன்மடு வரும். அங்கே வெள்ளை நிறத்தில் நிற்கிறது வெளிச்சவீடு. 1913ஆம் ஆண்டு கட்டப்பட்டது. உயரம் 28 மீற்றர்.

இந்த இடத்தில் ஏன்? புவியியல் டீச்சர் எங்களை வாவி கடலோடு சேரும் இடத்தைப் பார்க்கச் சொன்னார். மட்டக்களப்பு வாவியின் வாயில் மணல் திட்டு உண்டாகும். மாரியில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். கோடையில் மணல் மீண்டும் வாயை அடைக்கும். ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல் இலங்கையில் முதலில் வந்திறங்கியது இந்த மட்டக்களப்புக் கரையில்தான். பிறகு போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1638இல் அதை ஒல்லாந்தர் பிடித்தார்கள். இத்தனை பேர் விரும்பிய துறையாக இருந்தும், பெரிய கப்பல் உள்ளே நுழையக்கூடிய ஆழம் இந்த வாயில் இல்லை. வெளியே நங்கூரமிட வேண்டும். எங்கே நங்கூரமிடுவது, எங்கே மணல் திட்டு என்று இரவில் அறிய ஓர் அடையாளம் வேண்டும்.

சரி, அடையாளம் என்றால் கரையில் ஒரு பெரிய விளக்கு போதாதா? ஏன் 28 மீற்றர்? இதற்கு விடை பூமி உருண்டை என்பதில் இருக்கிறது. டீச்சர் எங்களுக்கு ஒரு எளிய கணக்கைத் தந்தார். ஒரு பொருள் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அங்கிருந்து அடிவானம் எத்தனை கிலோமீற்றர் தூரம் என்று கிடைக்கும்.

கடலோரத்தில் நிற்கும் எங்கள் கண் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கணக்கின்படி எங்கள் அடிவானம் நாலரை கிலோமீற்றருக்கும் குறைவு. முடிவில்லாத கடல் என்று நாம் கவிதை எழுதுகிறோமே, அந்தக் கடலில் நாம் பார்ப்பது கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுவைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போகும் அளவுதான்! தோணியில் குந்தியிருப்பவரின் கண் ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் அவருக்கு இன்னும் குறைவு, மூன்றரை கிலோமீற்றர்.

இப்போது வெளிச்சம் 28 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அதன் அடிவானம் ஏறத்தாழ 19 கிலோமீற்றர். தோணிக்காரரின் மூன்றரையையும் சேர்த்தால் 22 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தே அந்த வெளிச்சம் அவருக்குத் தென்படத் தொடங்கும். அதே விளக்கை ஒருவர் கையில், இரண்டு மீற்றர் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் ஒன்பது கிலோமீற்றருக்கும் குறைவு. விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். இலங்கையிலேயே உயர்ந்ததான தெவுந்தர முனை வெளிச்சவீடு 49 மீற்றர். அதன் கணக்கு இலகு: 49இன் வர்க்கமூலம் 7, அதை 3.57ஆல் பெருக்கினால் 25 கிலோமீற்றர். நாங்கள் எல்லோரும் பஸ்ஸுக்குள் இருந்தே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம்.

உயரத்துக்கு அடுத்தது வில்லை. சாதாரண விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். வானத்துக்கும் தரைக்கும் போகும் ஒளியால் மாலுமிக்குப் பயனில்லை. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ஒகஸ்தீன் பிரெனெல், வளையம் வளையமாக வெட்டிய கண்ணாடிகளை அடுக்கி, சிதறும் ஒளியைத் திரட்டிக் கடலை நோக்கி அனுப்பும் வில்லையை அமைத்தார். 1823இல் அது பிரான்ஸின் கோர்துவான் வெளிச்சவீட்டில் பொருத்தப்பட்டது. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குப் போகும்போது வளைவதைப் பற்றி, அதற்கு எண்ணூறு வருடங்களுக்கு முன்னரே ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில் ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பௌதிகவியல் பாடத்தில் பெயராக மட்டும் படித்தவர் பாலமீன்மடுவில் எங்களுக்கு நெருக்கமானார்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வெளிச்சவீடும் தனக்கென்று ஒரு முறையில்தான் ஒளிர வேண்டும். ஒன்று ஐந்து வினாடிக்கு ஒருமுறை மின்னினால், பக்கத்திலுள்ளது பத்து வினாடிக்கு ஒருமுறை அல்லது இரண்டு இரண்டாக மின்னும். மாலுமி எண்ணிப் பார்த்து, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, ‘இது இன்ன ஊர்’ என்று அறிவார். பிரகாசமாக எரிந்தும் எந்த ஊர் என்று சொல்லாத வெளிச்சம், உதவி செய்வதைவிட ஆபத்தையே அதிகம் உண்டாக்கும்.

2. மனாரா: மூன்றாவது சொல்

மட்டக்களப்பிலிருந்து திரும்பும் வழியில் காத்தான்குடிப் பள்ளிவாசல் மினாராக்களைக் கண்டபோது தமிழ் டீச்சர் மூன்றாவது சொல்லைச் சொன்னார். நாம் மினாரா என்பது அரபுச் சொல்லான ‘மனாரா’ என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் ‘நூர்’, ‘நார்’ ஆகிய சொற்களோடு சம்பந்தப்பட்டது. ஒளி அல்லது நெருப்பு இருக்கும் இடம் என்பது பொருள். இன்றும் அரபியில் வெளிச்சவீட்டை மனாரா என்றே சொல்கிறார்கள். பாங்கு சொல்லும் கோபுரத்துக்கும் கப்பலுக்கு வழிகாட்டும் கோபுரத்துக்கும் ஒரே பெயர்! இரண்டும் செய்வது கரைதல்தானே என்று எனக்குத் தோன்றியது.

உலகில் மிகப் புகழ்பெற்ற மனாரா எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தாலமி மன்னர்கள் கட்டியது. 100 மீற்றருக்கும் மேல் உயரம். முஸ்லிம் பயணிகள் பலர் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். இப்னு பதூதா 1326இல் அங்கு போனபோது அதன் ஒரு பக்கம் இடிந்திருந்தது. பிறகு அவர் உலகம் சுற்றினார். 1344இல் இலங்கைக்கும் வந்து பாவா ஆதம் மலை ஏறினார். 1349இல் மீண்டும் அலெக்சாந்திரியாவுக்குப் போனபோது உள்ளே நுழையவே முடியாத அளவு அது சிதைந்திருந்தது. அந்த இடத்தில்தான் பின்னர் சுல்தான் காயித்பாய் கோட்டை கட்டினார்.

அந்தப் பயணிகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழ்க் கரையிலும் வெளிச்சவீடுகள் இருந்தன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, ஏணி சார்த்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடம் ஒன்றையும், அதன் உச்சியில் இரவில் ஏற்றிய தீ கடலில் உள்ள கலங்களை அழைப்பதையும் வருணிக்கிறது. அகநானூற்றில் மருதன் இளநாகனார் பாடலிலும் மாடத்து விளக்கைக் கொண்டு கலத்தைச் செலுத்தும் மாலுமி வருகிறான். பாலமீன்மடுவில் நின்றபோது இது எனக்குத் தெரிந்திருந்தால், 1913ஐப் பழையது என்று சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் ஊர்க் கடலோரத்திலும் ஒரு மினாரா இருக்கிறது. கல்முனைக் கடற்கரைப் பள்ளி. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கும் இடம். நாகூரில் உள்ள பெரிய மினாரா 131 அடி உயரம். அதைக் கட்டுவித்தவர் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கடலோடிகள் நேர்ச்சை வைத்த தலத்தில் கடலிலிருந்து தெரியும் கோபுரம். கட்டியவர் இந்து மன்னர், பயன்பெற்றவர் எல்லா மதத்தவரும். கடலில் இருப்பவனுக்கு வெளிச்சம் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை.

3. ஒலுவில்: கரைதல் என்ற சொல்லின் இன்னொரு பொருள்

சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவிலுக்கு வந்தபோது ளுஹருடைய நேரம். வகுப்புத் தோழி ஒருத்தியின் உறவினர் வீட்டில் தொழுதுவிட்டு, கட்டிக் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம்.

ஒலுவில் வெளிச்சவீடு 1990களின் இறுதியில் எழுந்தது. அப்போது துறைமுகங்கள் அமைச்சராக இருந்தவர் நமது பிரதேசத்தின் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப். 1995இல் ஒலுவிலில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதிலும், அடுத்த வருடம் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததிலும் அவருடைய பங்கு எல்லோரும் அறிந்தது. ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டும் என்பதும் அவருடைய கனவு. வெளிச்சவீடு முதலில் வந்தது. 2000 செப்டம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் காலமானார். துறைமுக வேலை டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு 2008இல் ஆரம்பமாகி, 2013 செப்டம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது.

பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள மணல் எப்படி நகர்கிறது என்று தெரிய வேண்டும். அலை கரையை நேராக வந்து அடிப்பதில்லை, சரிவாக வந்து மோதுகிறது. மோதும்போது மணலைச் சற்றுப் பக்கவாட்டில் தூக்கிப் போடுகிறது. திரும்பும்போது நேராக இறங்குகிறது. ஆகவே ஒவ்வோர் அலைக்கும் மணல் ஓரடி பக்கத்தில் நகர்ந்திருக்கும். வாடைக் காலத்தில் ஒரு திசை, கச்சான் காலத்தில் இன்னொரு திசை. வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நமது கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. கடற்கரை அசையாமல் கிடப்பதுபோலத்தான் நமக்குத் தெரிகிறது. உண்மையில் அது வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கும் மணல். போகும் மணலுக்குப் பதிலாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்துகொண்டிருக்கும்வரை கரை அப்படியே இருக்கும்.

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணை கட்டினால் அந்த நடை தடைப்படும். தெற்குப் பக்கத்தில் மணல் தேங்கும். வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. ஆனால் அலை அங்கே இருந்த மணலை வழக்கம்போல எடுத்துக்கொண்டு போகும். ஒலுவிலில் நடந்தது அதுதான். வடக்கே கரை அரிக்கப்பட்டது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. வள்ளம் இழுத்து வைக்கவும் கரைவலை இழுக்கவும் இடம் இல்லாமல் போனது. துறைமுகத்தின் வாயையும் மணல் மூடி, படகுகள் போக்குவரத்துச் செய்ய முடியாத காலங்கள் வந்தன. அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்கள் போடப்பட்டன.

நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்கும்போது வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் டீச்சரிடம் எந்தப் பாடசாலை என்று விசாரித்தார். வெளிச்சவீடு பார்க்க வந்தோம் என்றதும் கோபுரத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

“வெளிச்சவீடு இரிக்கி மகள். கரதான் இல்ல.”

வேறொன்றும் சொல்லவில்லை. வலையைத் தொடர்ந்து பொத்தினார்.

கரைதல் என்பதற்கு அழைத்தல் என்று பொருள் இருப்பதுபோலவே, சீனி தண்ணீரில் கரைவதுபோலக் கரைந்து போதல் என்ற பொருளும் இருக்கிறது. கரையை அழைப்பதற்காகக் கோபுரம் நிற்க, அதன் பக்கத்தில் கரையே கரைந்துகொண்டிருந்தது. துறைமுகம் வேண்டாம் என்று அந்தப் பெரியவர் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தொழிலுக்குத் துறைமுகம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்களே அவர்களாக இருக்கலாம். கேட்டது கிடைக்கும்போது மணலின் கணக்கையும் யாராவது சரியாகப் போட்டுத் தர வேண்டும் அல்லவா? இந்தக் கணக்கும் பாலமீன்மடுவில் நாங்கள் போட்ட கணக்கைப் போல முன்கூட்டியே போடக்கூடியதுதான்.

4. சங்கமன்கண்டி: அழிந்த வெளிச்சவீடு

அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று தெற்கே போனால் கோமாரிக்கு முன்னால் சங்கமன்கண்டி வரும். அங்கே கடலுக்குள் நீளும் முனைதான் இலங்கையின் மிகக் கிழக்கான புள்ளி.

பஸ்ஸில் புவியியல் டீச்சர், வெளிச்சம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொன்னார். இன்னும் தெற்கே, யால கடலில் இரண்டு பாறைத் தொடர்கள் உள்ளன. பெரிய பாசு, சின்ன பாசு என்பார்கள். தண்ணீருக்குச் சற்று மேலும் கீழுமாக நிற்கும் அந்தப் பாறைகளில் வெளிச்சவீடு கட்டி முடித்தது பெரிய பாசில் 1873இலும் சின்ன பாசில் 1878இலும். அதற்கு முன்னே எத்தனையோ கலங்கள் அங்கே மோதியிருக்க வேண்டும். 1961இல் பெரிய பாசுக்குப் பக்கத்தில் சுழியோடியவர்களுக்கு மூட்டை மூட்டையாக வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த நாணயங்கள் மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்தவை. சூரத் நகரில் ஹிஜ்ரி 1113இல், அதாவது ஏறத்தாழ 1702இல் அச்சிடப்பட்டவை. சூரத்திலிருந்து வெள்ளியோடு புறப்பட்ட கப்பலில் வந்தவர்களின் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. அவர்களை அழைக்க அன்று அங்கே ஒரு விளக்கு இருக்கவில்லை.

அஸருக்குப் பிறகு முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். இங்கே இருந்த வெளிச்சவீடு 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் அழிந்தது. எஞ்சியிருப்பது சிதைவு. கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. எங்கள் வகுப்பில் எல்லோரும் சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் சுனாமி இல்லாத வீடு எங்கள் வகுப்பில் இல்லை. உம்மாவின் தங்கை, நான் கண்டிராத என் சாச்சி, அன்று போனவர். வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மூத்தம்மா இன்றும் சில ஞாயிறு காலைகளில் அவரை நினைத்துக் கரைந்து அழுவார். பாருங்கள், அழுதலுக்கும் அதே சொல்தான்.

அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன். நமது கரைக்கு முதல் அலை வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். இரண்டு மணித்தியாலம் என்பது கல்முனைக்குடியிலிருந்து சம்மாந்துறைக்கு நடந்தே போகப் போதுமான நேரம். நேரம் இருந்தது. கரைந்து சொல்ல யாரும் இருக்கவில்லை.

வெளிச்சவீட்டைப் பற்றி நான் யோசிக்காத ஒன்றை அங்கேதான் யோசித்தேன். அது கடலைப் பார்த்து நிற்கிறது. நமக்கு அது முதுகைக் காட்டுகிறது. கடலில் இருப்பவரை அழைக்க இரண்டாயிரம் வருடங்களாகக் கோபுரம் கட்டிய நாம், கரையில் இருப்பவரை அழைக்க ஒன்றும் கட்டியிருக்கவில்லை. சுனாமிக்குப் பிறகுதான் இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து எச்சரிக்கை முறையை ஏற்படுத்தின. நமது கடலோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராப் பக்கம் மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது நான் சிறு பிள்ளை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்றும், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியதாகவும் உம்மா சொல்வார். அன்று பெரிய அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அழைப்பு வந்தது. மினாராவிலிருந்தே வந்தது.

இனி வெளிச்சவீடு தேவையா என்று ஒரு மாணவி கேட்டாள். ஆழ்கடல் படகுகளில் ஜீ.பி.எஸ். இருக்கிறது, கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. டீச்சர் கடலைக் காட்டினார். 2020 செப்டம்பர் 3ஆம் திகதி இந்த முனைக்குக் கிழக்கே 38 கடல் மைல் தூரத்தில் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயோடு போன கப்பல். 23 பேரில் ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய்த் தாங்கிகள் உடைந்திருந்தால் நமது கடற்றொழில் என்னவாகியிருக்கும்! எல்லா நவீன கருவிகளும் கொண்ட கப்பல்கள்தான் இந்த முனைக்கு அப்பால் இரவும் பகலும் போகின்றன. கருவி பழுதாகும் நாள் ஒன்று வரும். அன்றைக்குக் கண்ணால் காணக்கூடிய ஓர் அடையாளம் வேண்டும் என்பதால்தான் உலக நாடுகள் வெளிச்சவீடுகளை இன்னும் கைவிடவில்லை.

5. திரும்பி வந்த பின்

இரவு வீட்டுக்கு வந்து மூத்தவாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரைவலைத் தொழில் செய்தவர், வள்ளத்திலும் போனவர். கணக்குகளைப் பொறுமையாகக் கேட்டார். அவருடைய காலத்தில் எப்படி வழி கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். இரவில் வெள்ளி பார்ப்போம் என்றார். நட்சத்திரத்தை அவர் வெள்ளி என்றுதான் சொல்வார். நட்சத்திரங்களைக் கொண்டு மனிதர் வழி அறிவதை அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் அருட்கொடைகளோடு சேர்த்துச் சொல்வதை எனக்கு நினைவுபடுத்தினார். பகலில் என்றால் கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்களாம். கடற்கரைப் பள்ளி மினாராவும் அதற்குப் பின்னால் தெரியும் ஓர் உயர்ந்த தென்னையும் ஒரே நேர்கோட்டில் வந்தால் இன்ன பாறை, மினாரா தென்னைக்கு வடக்கே விலகினால் இன்ன இடம் என்று.

“அந்தத் தென்னை இப்பவும் இரிக்கா மூத்தவாப்பா?”

“தென்ன சுனாமியில போயிட்டு. பள்ளி இரிக்கி.”

ஒரு கோடு வரைய இரண்டு புள்ளி வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்தோம். கடலில் இருப்பவருக்கு வழிகாட்ட வெளிச்சம் மட்டும் போதாது, கரையும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்தை அரசாங்கம் ஏற்றும். கரையைப் பார்த்துக்கொள்வதில் அதில் வாழும் எங்களுக்கும் பங்கு உண்டு. கரையோரத் தாவரங்களை வெட்டாமல் விடுவது, கட்டடத்துக்குக் கடல்மணல் அள்ளுவதைக் கண்டும் காணாமல் இராதது, ஒரு கட்டுமானம் வரும்போது மணல் எங்கே போகும் என்று கேட்கத் தெரிந்திருப்பது எல்லாம் அந்தப் பங்கில் சேரும். கேட்பதற்கு முதலில் கணக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே எங்கள் வகுப்பு ஒரு சின்ன வேலையைத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதலாவது சனிக்கிழமை, கடற்கரைப் பள்ளியின் மதிலிலிருந்து அலை தொடும் இடம்வரை நாடா பிடித்து அளந்து, திகதியோடும் நேரத்தோடும் ஒரு கொப்பியில் எழுதுகிறோம். வாடைக்கும் கச்சானுக்கும் அளவு எப்படி மாறுகிறது என்பது ஒரு வருடத்தில் ஓரளவு தெரியும். பத்து வருடம் தொடர்ந்தால் அந்தக் கொப்பிக்கு ஒரு பெறுமதி வரும். நாங்கள் பாடசாலையை விட்டுப் போகும்போது கொப்பியை அடுத்த வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைப்போம். இதைப் படிக்கும் தங்கைகள் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வாருங்கள். உங்களையும் கரைந்து அழைக்கத்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன்.